படகு நின்ற நாளில் பாறைக்குப் போக ஒரு விஆர் கியோஸ்க்: கைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

பரளியாறு எழுதியது:

கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் காட்சிக்கூடத்துக்கு விஆர் (கண்ணை மூடும் ஹெட்செட்டுக்குள் தெரியும் மெய்நிகர் காட்சி) தகவல் கியோஸ்க் செய்துகொண்டிருக்கிறோம், சின்னக் குழுதான். காரணம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்று ஏறினாலோ நீர்மட்டம் இறங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள், ரயிலில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து வந்த வடநாட்டுக் குடும்பம் கரையில் நின்றே பாறையைப் பார்த்துவிட்டுச் சிப்பி மாலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். அவர்களுக்கு ஹெட்செட் மாட்டி விவேகானந்தர் மண்டபம், வள்ளுவர் சிலையின் காலடி, இரண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்ட வேண்டும். அப்புறம் விருப்பப்பட்டவர்களுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் கோயில்.

கன்ட்ரோலர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். எந்த பட்டன் எதற்கு என்று விளக்கவே நேரம் போய்விடும், கீழே விழும், காணாமலும் போகும். ஆகவே வெறும் கைதான், ஹெட்செட்டில் இருக்கும் கேமராவே விரல்களைப் பார்த்துக்கொள்ளும். இப்போதைய திட்டம் இது: பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளினால் தேர்வு, கையைப் பக்கவாட்டில் வீசினால் அடுத்த இடம், முஷ்டி பிடித்தால் பின்னால் போகும், உள்ளங்கையை முகத்துக்கு நேராகக் காட்டினால் மெனு. இது வருகிறவர்களுக்கு இயல்பாக இருக்குமா என்று சொல்லுங்கள்.

நாஞ்சில் நிரல் எழுதியது:

இருக்காது. நான்கு சைகை என்பது உங்களுக்குக் குறைவாகத் தெரியும், ஏனென்றால் நீங்கள்தான் அதை எழுதியவர். வருகிறவருக்கு மொத்தமே மூன்று நிமிடம், வாழ்நாளில் இன்னொரு முறை இந்தக் கியோஸ்க்குக்கு வரப்போவதும் இல்லை, அவர் எதற்கு உங்கள் நான்கு சைகையையும் படிக்க வேண்டும்? போனில் கிள்ளிப் பெரிதாக்குவது நமக்குப் பழகிவிட்டதென்றால் அது நாள் முழுக்கக் கையிலேயே கிடப்பதால்தான்.

2010ல் உடல் அசைவை அறியும் கைனெக்ட் கருவி வந்த வருஷமே வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் இதைத்தான் எழுதினார், இயல்பான இடைமுகம் என்று சொல்லப்படுபவை இயல்பானவையே அல்ல என்று. எந்தெந்தச் சைகை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, தப்பாகப் போனால் ஏன் போனது என்றும் தெரியாது, ஊருக்கு ஊர் சைகையின் அர்த்தமும் வேறு. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை வரச் சொல்ல உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரல்களை அசைக்கிறோம். குடும்பத்தில் ஒருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளையை “வா, இங்க வா” என்று கூப்பிட்டால் உங்கள் மென்பொருள் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

மைக்ரோசாஃப்டுக்கும் இதே அனுபவம்தான். 2016ல் வந்த அவர்களது முதல் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டில் விரல்களைக் குவித்து மேல்நோக்கி விரித்தால்தான் மெனு வரும், யாராவது சொல்லிக்கொடுக்காமல் ஒருத்தருக்கும் அது தோன்றாது. 2019ல் வந்த இரண்டாவது மாடலில் அதை எடுத்துவிட்டு, மணிக்கட்டில் தெரியும் குறியை மறு கை விரலால் தொடு என்று மாற்றினார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் இருக்கிறது, கையை நீட்டித் தொடுகிறோம், அவ்வளவுதான். பொது இடத்துக்கு அதுவே அதிகம்.

இன்னொன்று, உள்ளங்கையை முகத்துக்குக் காட்டிக் கிள்ளுவது மெட்டாவின் குவெஸ்ட் ஹெட்செட்டில் அதன் சொந்த மெனுவுக்கு உரிய சைகை. உங்கள் ‘உள்ளங்கை மெனு’வையும் கிள்ளலையும் ஒருவர் சேர்த்துச் செய்தால் போதும், கன்னியாகுமரியிலிருந்து நேரே ஆப் கடைக்குப் போய்விடுவார். உங்கள் செயலியை விட்டு வெளியே போகவிடாத கியோஸ்க் மோடில் பூட்டாமல் வெளியே வைக்காதீர்கள்.

தக்கலை சாயா எழுதியது:

நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெரிய தொடுதிரை வைத்து நல்ல படமும் நல்ல குரலும் போட்டால் வேலை முடிந்ததே? முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு காற்றில் கை வீசுவதைப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கூடவே ‘இன்று படகு உண்டா’ என்று ஒரு போர்டு வையுங்கள், அதற்குத்தான் கூட்டம் வரும்.

பரளியாறு எழுதியது:

போர்டு கட்டாயம் வைக்கிறோம் அண்ணே, அது நல்ல யோசனை. ஆனால் தொடுதிரையில் 133 அடிச் சிலை எப்போதும் ஒரு சாண் உயரம்தான். பீடத்தின் அடியில் நின்று தலையை அண்ணாந்து பார்த்தால்தான் அந்த உயரம் கழுத்தில் உறைக்கும், அது ஹெட்செட்டில் மட்டுமே நடக்கிறது. பார்ப்பதற்கு விஆர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கைகளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தோவாளை மல்லி எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், கணினி எனக்குத் தெரியாது, தோள்பட்டை தெரியும். கையை நெஞ்சுக்கு மேலே நீட்டிப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்களுக்கே கனக்கும், அறுபது தாண்டிய அம்மாவுக்கு என்ன ஆகும்? தோள் இறுகிப்போனவர்கள், சர்க்கரை நோயாளிகளில் இது அதிகம், அவர்களுக்குக் கை தோள் உயரத்துக்கு எழும்பவே எழும்பாது. முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, முன்னங்கை மட்டும் முன்னால் போகிற இடத்தில் எல்லாவற்றையும் வையுங்கள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, நெஞ்சுக்குக் கீழே.

அப்புறம் தலை. உங்கள் குழுவில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா? தலையில் இரண்டு முழம் பூ வைத்து வருகிறவளுக்குப் பின்பக்கம் பட்டையை எங்கே மாட்டுவீர்கள்? எங்கள் ஊர்ப் பூவை நசுக்கினால் எனக்கே கோபம் வரும். நெற்றியில் திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாம் நேரே அந்த ஸ்பாஞ்சில் ஒட்டும், அடுத்தவர் நெற்றிக்குப் போகும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் கூட்டம் வரும்போது நினைத்துப் பாருங்கள். துடைத்து எடுக்கிற சிலிக்கான் உறையும் ஆளுக்கு ஒரு காகித முகமூடியும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

நாஞ்சில் நிரல் எழுதியது:

அக்கா சொன்ன உயரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஹெட்செட்டின் கேமராக்கள் பெரும்பாலும் முன்னாலும் கொஞ்சம் கீழேயும்தான் பார்க்கும். சிலையை அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் கேமராவும் சேர்ந்தே அண்ணாந்துவிடும், இடுப்புப் பக்கம் இருக்கும் கை அதன் பார்வையிலிருந்து போய்விடும். அந்த நேரம் திரையில் கை உறைந்து நின்றால் பார்க்கவே பயமாக இருக்கும், மெல்ல மங்கி மறைய விடுங்கள். பட்டன் எதையும் மேலே பார்க்கும் காட்சியோடு கலக்காதீர்கள். பார்க்கிற நேரம் வேறு, தொடுகிற நேரம் வேறு என்று பிரித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

என்னைக் கேட்டால் கியோஸ்க்கின் முன்னால் நிஜமாகவே ஒரு மரப் பலகையைச் சாய்வாகப் பொருத்துங்கள். விஆருக்குள்ளும் அதே இடத்தில், அதே சாய்வில் ஒரு பலகை, அதன்மேல் நான்கு படங்கள். விரல் படத்தைத் தொடும்போது உண்மையிலேயே மரத்தில் படும். காற்றில் மிதக்கும் பட்டனில் எல்லோரும் தடுமாறுவது விரல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாததால்தான், பட்டனைத் துளைத்துக்கொண்டு விரல் அந்தப் பக்கம் போய்விடும். மரம் இருந்தால் விரல் நிற்கும், கையை ஊன்றிக்கொள்ளவும் செய்யலாம், தோளுக்கும் நல்லது. அளவைப் பொறுத்தவரை ஹோலோலென்ஸ் 2ன் அழுத்தும் பட்டன் 3.2 செ.மீ. சதுரம். அது அலுவலகத்தில் தினமும் மாட்டுபவருக்கு. நீங்கள் உள்ளங்கை அகலத்துக்கு வையுங்கள், குறி தவறுகிற பேச்சே இருக்காது.

பலகையும் படமும் ஒரு விரல் அளவு விலகினாலும் எல்லாம் கெடும். ஹெட்செட் தன் இடத்தைக் கணக்கிடுவதில் நாள் போகப்போகச் சின்னச் சின்ன விலகல் சேரும். பலகையில் நிரந்தரமாக ஒரு குறி ஒட்டி, ஒவ்வொரு காலையும் அதை வைத்துச் சரிசெய்யுங்கள்.

அனந்தனாறு எழுதியது:

நல்ல விவாதம். எனக்கு ஒன்று தோன்றுகிறது, தொடங்குவதற்கு மட்டும் ஒரு சைகை வைக்கலாமே? கைகூப்பி வணக்கம் சொன்னால் காட்சி திறக்கட்டும். இந்தியாவில் எந்த மூலையிலிருந்து வந்தவருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், மரியாதையாகவும் இருக்கும்.

நாஞ்சில் நிரல் எழுதியது:

கேட்க அழகாக இருக்கிறது, கேமராவுக்கு அதைவிட மோசமான சைகை கிடையாது. இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டினால் ஒன்று இன்னொன்றை மறைக்கும், எந்த விரல் எந்தக் கையுடையது என்று அதற்குப் பிடிபடாது. 2019 கடைசியில் குவெஸ்டில் கை அறியும் வசதி முதலில் வந்தபோது கைகள் ஒன்றையொன்று தொட்டாலே காணாமல் போகும். 2022ல் வந்த அடுத்த பதிப்பில் நிறையவே தேறியது, ஆனாலும் பொது இடத்தில் முதல் சைகையே அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக்கூடாது. வணக்கம் வைத்தும் திறக்கவில்லையென்றால் அந்த மனிதர் மறுபடி மறுபடி கும்பிட்டுக்கொண்டு நிற்பார், பார்க்கச் சகிக்காது.

ஆனால் அனந்தனாறு தெரியாமலே முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கிறார். பாறையில் ஸ்ரீபாத மண்டபம் இருக்கிறது, தேவியின் பாதச்சுவடு. அதைக் காட்டினால் பக்தியுள்ளவர் கும்பிடத்தான் செய்வார், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அடுத்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையைக் கொண்டுபோவார், கை ஹெட்செட்டில் இடிக்கும். கேமராவின் முன்னால் விரல்கள் குவிந்து வருகிற அந்த நொடியை மென்பொருள் ‘கிள்ளல்’ என்று படித்து, அவரைத் தூக்கிக் கண்ணாடிப் பாலத்தில் போட்டுவிட்டால்? அந்த இடத்தில் கைகளின் எல்லா வேலையையும் நிறுத்திவையுங்கள். பார்க்கட்டும், கும்பிடட்டும், கையை இறக்கிய பிறகு பலகை வரட்டும்.

அனந்தனாறு எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். இடது கை விஷயத்தையும் கவனியுங்கள். பல விஆர் செயலிகளில் மெனு இடது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரும், வலது கையால் தொட வேண்டும். நம் ஆட்களின் இடது கையில் செருப்புப் பை, தண்ணீர் பாட்டில், இல்லையென்றால் குழந்தை. எதைச் செய்யவும் ஒரு கை போதும் என்று இருக்க வேண்டும், எந்தக் கையானாலும் சரி.

குளச்சல் வலை எழுதியது:

எல்லோரும் ஐந்து விரல் இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வலை இழுக்கும் எந்திரத்திலும் கயிற்றிலும் விரல் போனவர்களை எனக்கே தெரியும். இந்தக் கை அறியும் மென்பொருள்கள் முழுக் கைகளின் படங்களைப் பார்த்துப் பழகியவை, சுட்டுவிரல் பாதிதான் இருக்கிறதென்றால் இல்லாத விரலை அதுவே கற்பனை செய்து வரையும், அல்லது கையே இல்லை என்று விட்டுவிடும். எப்படி இருந்தாலும் அந்த மனிதருக்கு அவமானம். நாஞ்சில் நிரலின் பலகை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் விரல்நுனியைத் தேடாமல், கையின் எந்தப் பகுதி பட்டாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். பலகைக்கு அடியில் சாதாரண அழுத்த சென்சார் வைத்தால் கேமராவே வேண்டாம்.

வெயிலையும் உப்புக்காற்றையும் மறக்க வேண்டாம். நம் கடற்கரையில் சாயங்கால வெயில் கிடையாக உள்ளே வரும். அகச்சிவப்பு ஒளியில் கையைப் பார்க்கும் கருவிகளுக்கு நேரடி வெயில் பட்டால் கண் கூசிவிடும், லீப் மோஷன் மாதிரிக் கருவிகள் எல்லாம் அந்த வகைதான். அதைவிட மோசம், மாட்டாமல் வைத்திருக்கும் ஹெட்செட்டின் லென்ஸ் வழியாக வெயில் உள்ளே விழுந்தால் பூதக்கண்ணாடியில் குவிந்து திரை பொசுங்கிவிடும், போனது போனதுதான். சார்ஜ் செய்கிற துளை உப்பில் பச்சை பிடிக்கும். கதவு வைத்த அறை வேண்டும்.

நாஞ்சில் நிரல் எழுதியது:

உள்ளே அறையில் வைத்தால் விளக்கையும் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான குழல் விளக்கு அதற்கேற்ப மினுக்கும். ஹெட்செட்டில் 50, 60 என்று தேர்வு இருக்கிறது, 60ல் கிடந்தால் கண்காணிப்பு நடுங்கும். இருட்டாக வைத்தால் கை தெரியாது.

தக்கலை சாயா எழுதியது:

அப்படியென்றால் கடைசியில் ஒரு மரப்பலகை, அடியில் ஒரு சுவிட்சு. இதற்கா இவ்வளவு பேச்சு? பெரிய சிவப்பு பட்டன் ஒன்று வையுங்கள், அழுத்தினால் அடுத்த இடம். கை அறியும் தொழில்நுட்பமே தேவையில்லை என்றுதானே ஆகிறது.

பரளியாறு எழுதியது:

அண்ணே, பாதி சரி. இடம் மாற்றுவதற்குப் பலகையே போதும் என்று எனக்கும் தெளிவாகிவிட்டது, என் நான்கு சைகைகளையும் தூக்கிவிட்டேன். ஆனால் நேரில் போனாலும் கை வைக்க முடியாத பொருட்கள் இருக்கின்றனவே, அங்கேதான் கைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

உங்கள் ஊர் அரண்மனையையே எடுங்கள். முன்வாசல் பூமுகத்தில் தொங்குகிற குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும். வழிகாட்டி சொல்வார், நாம் தலையாட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவோம், தொட விடமாட்டார்கள். விஆரில் அதைப் பிடித்துத் திருப்பலாம். பிடிப்பதும் திருப்புவதும் யாரும் கற்றுக்கொள்ள வேண்டிய சைகைகள் அல்ல. விரல் எத்தனை இருந்தாலும் உள்ளங்கையின் திசையை வைத்தே கணக்கிடலாம், விரல்நுனி துல்லியம் அங்கே தேவைப்படாது. சுசீந்திரத்தின் இசைத்தூண்களும் அப்படித்தான், ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள், போகிறவர் வருகிறவரெல்லாம் இஷ்டத்துக்குத் தட்டினால் தாங்குமா? இங்கே தட்டட்டும்.

(அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, ஸ்கேன் செய்ய அனுமதி அங்கேதான் கேட்க வேண்டும். எழுதிப் போட்டிருக்கிறோம்.)

நாஞ்சில் நிரல் எழுதியது:

விளக்கு அருமை. ஆனால் அது தொங்குகிற உயரத்திலேயே வைத்துவிடாதீர்கள், அக்கா கோபிப்பார். விஆரில்தானே இருக்கிறது, நெஞ்சுக்குக் கீழே இறக்கி வையுங்கள்.

தூண் அவ்வளவு சுலபம் இல்லை. கை அசைவதற்கும் கேமரா அதைப் பார்த்துக் கணக்கிட்டுத் திரையில் காட்டுவதற்கும் நடுவே சில பத்து மில்லி விநாடி தாமதம் உண்டு. விளக்கைத் திருப்பும்போது அது தெரியாது. தட்டும்போது தெரிந்துவிடும், காதுக்குத் தாளம் பிசகுவது உடனே பிடிபடும், நம் ஊரில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கை தூணை நோக்கி வரும் வேகத்தைப் பார்த்து, தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒலியை விட்டுவிடுங்கள். தொடாமல் பாதியில் நிறுத்தினால் ஒலி வந்துவிடுமே என்பீர்கள், வரும்தான், ஆனால் தட்ட ஓங்கிய கையை நிறுத்துபவர்கள் அபூர்வம். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம், அது தன் பங்குக்கு இன்னொரு தாமதத்தைச் சேர்க்கும்.

தோவாளை மல்லி எழுதியது:

பலகை, விளக்கு எல்லாம் சரி. கூட்டத்துக்கு நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு கை நீட்டி நிற்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பை போகலாம், யாராவது உரசலாம். ஒரு இடத்தில் இப்படி ஹெட்செட் மாட்டிவிடுகிறேன் என்று வந்த பையன் கேட்காமலே தலைமுடியை ஒதுக்கிவிட்டான், அத்தோடு கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் சுவரோ தடுப்போ இருக்கட்டும், மாட்டிவிடப் பெண் பணியாளரும் இருக்கட்டும். இன்னும் நல்லது, தானே மாட்டிக்கொள்ளும்படி செய்வது.

பரளியாறு எழுதியது:

தானே மாட்டிக்கொள்வதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறோம் அக்கா. பட்டையே வேண்டாம், ஹெட்செட்டை மேலேயிருந்து கிணற்றுக் கப்பி மாதிரி எதிர்எடை வைத்துத் தொங்கவிடுவது. முகத்துக்கு நேரே இழுத்தால் வரும், விட்டால் மெல்ல மேலே போகும். பூ நசுங்காது, இரண்டு கையும் விடுதலை, வயரும் மேலேயே போய்விடுவதால் சார்ஜ் தீரும் கவலையும் இல்லை. உயரம் குறைந்தவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் பலகையை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. பணிமனை வைத்திருக்கும் யாராவது சொல்லுங்கள்.

அனந்தனாறு எழுதியது:

குழந்தைகள்? வரிசையில் முதலில் ஓடி வருவதே அவர்கள்தான்.

நாஞ்சில் நிரல் எழுதியது:

மெட்டா 2023ல்தான் வயது வரம்பை 13லிருந்து 10க்கு இறக்கியது, அதுவும் பெற்றோர் பொறுப்பில். பத்துக்குக் கீழே கொடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் கண்களுக்கு இடையிலான தூரத்துக்கு அந்த லென்ஸ்கள் பொருந்துவதும் இல்லை. அந்த இடத்தில் தக்கலை அண்ணன் கேட்ட தொடுதிரையை வையுங்கள், அதே விளக்கு, அதே தூண், விரலால் திருப்பட்டும் தட்டட்டும். அம்மா உள்ளே பார்ப்பது என்ன என்று அந்தத் திரையிலேயே ஓரமாகத் தெரிந்தால் வரிசையில் நிற்பவர்கள் தங்கள் முறை வரும் முன்பே எதைத் தொட வேண்டும் என்று பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். எழுத்தில் போடும் எந்த வழிமுறையையும்விட இது வேலை செய்யும், அதுவும் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் என்று வருகிற கூட்டத்துக்கு.

தக்கலை சாயா எழுதியது:

ஆக என் தொடுதிரையும் வந்துவிட்டது, போர்டும் வந்துவிட்டது. சரி, பலகை விஷயத்துக்கு வருவோம். என் மச்சான் தையல் மிஷின் ஸ்டாண்டு, மருத்துவமனை மேசை எல்லாம் வெல்டிங் செய்பவர். காலால் மிதித்தால் ஏறி இறங்குகிற கட்டில் மேசை இருக்கிறதே, அதே அமைப்பைப் பலகைக்கு வைக்கலாம் என்கிறார். ஆனால் பலகை ஏறினால் உள்ளே இருக்கும் படமும் சேர்ந்து ஏற வேண்டுமே, அதற்கு என்ன செய்வீர்கள்?

பரளியாறு எழுதியது:

நாஞ்சில் நிரல் சொன்ன குறியைப் பலகையிலேயே ஒட்டிவிட்டால் கேமரா அதைப் பார்த்துப் படத்தையும் நகர்த்தும். ஆட்களின் கை மறைக்காத மூலையாகப் பார்த்து ஒட்ட வேண்டும், இரண்டு மூலையில் ஒட்டினால் ஒன்றாவது தெரியும். மச்சானிடம் பலகையின் சாய்வு மாறாமல் நேராக ஏறி இறங்கும்படி மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்றைக்கு நான் தக்கலைக்கு வருகிறேன், அளவெடுத்துவிடலாம். முதலில் அட்டையில் செய்து பார்ப்போம், இரும்பு அப்புறம்.